நுரைக்கு எதிராக ஒரு வாதம்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது ஐந்து விஷயங்கள்:

1. தாய்க் குப்பிகளை ஆலையிலிருந்து எடுத்து வந்தவன் நான்தான்.
2. ரசாயன நுரைப் பேஸ்ட் கலந்த திரவம், “மண் பாக்டீரியாவிலிருந்து மட்டும்” என்ற லேபிளோடு வெளியே போகக் கூடாது.
3. நம் பொருள் இயல்பிலேயே நுரைக்காதது. அழுக்கு எடுக்க நுரை தேவையும் இல்லை.
4. இந்த வேலையை நாம் தொடங்கியது உன் கைகளுக்காக.
5. பேஸ்ட் டிரம் ஆலையை விட்டு வெளியேறும்வரை குப்பிகள் திரும்பி வராது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், முடிவில் “சரிம்மா” என்று சொல்லிவிடுவேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்தச் “சரிம்மா” என் வாயிலிருந்து தானாகவே வந்துவிடுகிறது. காகிதத்தில் அப்படி வராது என்று நம்புகிறேன்.

முதல் விஷயம். குப்பிகளைக் காணோம் என்று கேப்டனை ஒரு பிடி பிடித்திருப்பாய். அவர் மேல் தப்பில்லை. டேங்கைப் பார்த்துக்கொள்கிற மனிதர் சாப்பிடப் போகத்தானே வேண்டும்? அவர் போன நேரம் பார்த்து நான் ஃபிரீசரைத் திறந்தேன். பாக்டீரியாவை உறையவைத்திருந்த குப்பிகள் அத்தனையையும் டிபன் கேரியரில் ஐஸ் போட்டு அடுக்கினேன். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், “சாப்பாடா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாத மனிதனை அவர் இறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது குப்பிகள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் தட்டில், ஐஸ் கட்டிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. உன் அண்ணிக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் வெளியே எடுத்துப் போடவும் இல்லை.

இரண்டாவது. அன்று உன் அறையில் நடந்ததை நீ வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கலாம். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். குழந்தைகள் காப்பகங்களுக்குப் பொருள் வாங்கும் அந்த அம்மாள், நம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கையில் எடுத்தார். மூடியை இறுக்கித் திருகினார். குலுக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நுரையே இல்லையே” என்றார். பிஞ்சுக் குழந்தைகள் வாயில் வைக்கிற பாத்திரங்கள். அதனால் ரசாயன நுரைப்பொருள் எதுவும் சேரக் கூடாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. நுரை இல்லாவிட்டால் சமையலறைப் பெண்கள் பாட்டிலைத் தொடவே மாட்டார்கள், ஆகவே நுரைக்கவும் வேண்டும் என்பது இரண்டாவது. இருபத்தெட்டாம் தேதி மாதிரியோடு வரச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கார் வாசலைத் தாண்டுவதற்குள் நீ நுரைப் பேஸ்டுக்கு ஆர்டர் கொடுத்தாய். அப்படியானால் லேபிளை மாற்ற வேண்டுமே என்று நான் கேட்டேன். நீ சொன்னது: “லேபிள ஊத்தி யாரும் பாத்திரம் கழுவப் போறதில்ல அண்ணா. நீ ஊருக்குப் போய் நாலு நாள் ரெஸ்ட் எடு.”

ரெஸ்ட் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். லேபிளின் அடியில் சிறிய எழுத்தில், தயாரிப்பு முறைக்குப் பொறுப்பு என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. அது சிறிய எழுத்துதான். ஆனாலும் என் பெயர்.

மூன்றாவது. நம் பாக்டீரியா லாரி கழுவும் கொட்டகைக்குப் பின்னால், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மண்ணில் கிடைத்தது. அந்த மண்ணில் பிழைக்க வேண்டுமானால் எண்ணெயைத் தண்ணீரோடு இணங்கவைக்க வேண்டும். அதற்காகத் தன் உடலிலிருந்து அது ஒரு பொருளைக் கசியவிடுகிறது. அந்தக் கசிவுதான் நம் சரக்கு. தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைகிறது, எண்ணெய் பிடியை விடுகிறது, பாத்திரம் சுத்தமாகிறது. இதில் நுரைக்கு என்ன வேலை? நுரை என்பது அடைபட்ட காற்று. டேங்கில் பொங்குகிறதே என்று நீ கேட்பாய். அது பாக்டீரியாவின் புரதங்களால் பொங்குவது, அழுக்கு நுரை. அதை அடக்கத்தான் நுரையடக்கி ஊற்றுகிறோம். பாக்டீரியாவை வடிகட்டி நீக்கியதும் அந்த நுரையும் போய்விடுகிறது. நாற்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பொதுவாக நான் எதையும் அந்த முறையில் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும்.

நான்காவது, உன் கைகள். பழைய சரக்குக்காகப் பேஸ்டைத் துடுப்பால் கிளறிக் கிளறி, கையுறைக்குள்ளும் நனைந்து, விரல்களெல்லாம் வெடித்துக் கிடந்த வருடம்தான் நீ என்னிடம் வந்தாய். டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குடித்தாய். “சும்மாதானே உக்காந்திருக்க, இதுக்கு ஒரு வழி பண்ணேன்” என்றாய். பேஸ்ட் நின்ற பிறகுதான் அந்தக் கைகள் ஆறின. இது நடக்கவே இல்லை என்பதுபோல என்னால் இருக்க முடியவில்லை.

ஐந்தாவதை மேலே எழுதியபடியே எடுத்துக்கொள். எனக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. நடுங்கிக்கொண்டேதான் எடுத்தேன். நடுங்கிக்கொண்டேதான் வைத்திருக்கப்போகிறேன்.

அண்ணன்


மார்ச் 7

குப்பி தூக்கிய அண்ணாவுக்கு,

உன் ஐந்து விஷயங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்துவிட்டது, அதனால் இரண்டாவது தடவை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிற மனுஷன் நீ. வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் திருடியிருக்கிறாய், அதுவும் என்னிடமா?

கேப்டனைத் திட்டத்தான் செய்தேன். “சார் எடுத்திருப்பார்னு எனக்கு எப்படித் தோணும்மா? அவரு ஸ்டூலக்கூட கேட்டுட்டுத்தான் இழுப்பாரு” என்றார். 

டேங்க் காலியாக, குளிர்ந்து கிடக்கிறது. நீ இல்லாவிட்டால் நடக்காது என்று நினைத்தாயோ என்னவோ, நாங்களும் சும்மா இருக்கவில்லை. மண் எங்கே கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். கேப்டன் லாரிக் கொட்டகைக்குப் போய் வாளி வாளியாக அள்ளி வந்தார். நீ செய்தது போலவே சூடுபடுத்தி, சிப்ஸ் ஆலையிலிருந்து வரும் கிழங்குக் கழிவுநீரில் விட்டோம். என்னமோ வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. பக்கத்துத் தையல் கடைக்காரர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, உள்ளே எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினோம். சரி, அந்தப் பொருத்தமான ஒன்றைத் தேடிப் பிடிக்க உனக்கு ஒரு வருடம் ஆனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பேஸ்ட் விஷயம். டிரம் வந்திருக்கிறது, அது உண்மை. சீலைக்கூட உடைக்கவில்லை. மூலையில் நிற்கிறது. நீ பாட்டுக்கு நான் விஷம் கலக்கிவிட்டதுபோல எழுதாதே.

நுரை பற்றி நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? முதல் வருடம் டேங்க் பொங்கி, நுரை கதவுக்கு அடியில் புகுந்து ரோட்டுக்குப் போனதே, அந்த நாள். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்து உன்னைத் திட்ட, நீ அவரிடம் “மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே துடைப்பத்தால் நுரையைப் பெருக்கினாய். நுரையைப் பெருக்கிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்து டேங்க் லேசாக முணுமுணுத்தாலே போதும், கரண்டி கரண்டியாக நுரையடக்கி. கேப்டனுக்கும் அப்படியே பழக்கிவிட்டாய். நுரை என்றாலே உனக்குப் பயம். அதைப் போய் விஞ்ஞானம் என்கிறாய்.

பாத்திரம் கழுவுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை அண்ணா. எண்ணெய் போய்விட்டதா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இழுவிசை அளக்கிற உன் கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டா நிற்கிறார்கள்? நுரை தெரிகிறது, நம்புகிறார்கள். அந்தக் குலுக்கல் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வருவார். டிபன் கேரியரை ஐஸோடு தயாராக வை.

தங்கச்சி


மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

கேப்டன் வந்தார். வெறுங்கையோடு திரும்பியிருப்பார். சரியாகச் சொன்னால், முட்டைகளோடு.

நடந்தது இது. ஹாலில் உட்கார்ந்து டீ குடித்தார். நான் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார், என் வீட்டில் என்னை. உட்காரவில்லை. பிறகு அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அம்மா, பூட்ட உடைச்சாவது எடுத்துட்டு வான்னாங்க சார். ஃபிரிட்ஜுக்குப் பூட்டே இல்லையே.” நான் நகரவில்லை. என் வயிறு கடமுடவென்று அவருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டது. உன் அண்ணி உள்ளேயிருந்து வந்து, “ஃபிரிட்ஜுலேர்ந்து ஏதாவது எடுத்துட்டுப் போனாத்தான் வேலை நிலைக்கும்னா, முட்டை எடுத்துக்குங்க” என்று சொல்லி அரை டஜனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவரை இதற்காகத் திட்டாதே.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதில் எழுதியிருப்பதைப் பற்றி அல்ல, எழுதியிருக்கும் விதத்தைப் பற்றி. உன் எழுத்து நிமிர்ந்து நிற்கும். இந்தத் தடவை எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சுழிகள் மூடவில்லை. கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு, இரண்டு விரல்களுக்கு இடையில் பேனாவைச் செருகி எழுதிப் பார்த்தேன். எனக்கும் அதே சாய்வு வந்தது. காகிதத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை, களிம்பு வாசனையோடு.

சீல் உடைக்காத டிரம் விரலை வெடிக்கவைக்காது.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். வேறொன்று வந்தது. அதன் பலனாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். காப்பகங்களின் கொள்முதல் அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதி, கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, மேஜை மேல் வைத்திருக்கிறேன். நான்கே வரிகள். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று மட்டும். கலந்த சரக்கை நம் லேபிளோடு இருபத்தெட்டாம் தேதி நீ அவரிடம் கொடுப்பதானால், அதற்கு முன் இந்தக் கவர் அவரிடம் போய்ச் சேரும்.

இதை மிரட்டல் என்று நீ சொல்வாய். எனக்கு மிரட்டிப் பழக்கமில்லை, அதனால் சரியாகச் செய்திருக்கிறேனா என்று தெரியவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை என்று தோன்றியது.

களிம்பை இரவில் தடவி, மேலே பருத்தித் துணி சுற்றிக்கொள். பிளாஸ்டிக் கையுறை போடாதே, வேர்த்தால் இன்னும் வெடிக்கும்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

ஆமாம், கலந்தேன்.

நீ போன மறுநாளே கலந்தேன். பழைய துடுப்பைத் தேடி எடுத்து நானே கிளறினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. ஏன் என்று கேட்காதே. பாட்டிலில் ஊற்றிக் குலுக்கியதும் மேல்வரை பொங்கியது. பேக்கிங்கில் இருக்கும் பெண்கள் கை தட்டினார்கள். மூன்று வருடத்தில் நம் சரக்கைப் பார்த்து யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

உன் கடிதத்தில் ஒன்றிலிருந்து ஐந்துவரை போட்டிருக்கிறாய். ஆலையில் என்னை நம்பி நிற்கிறவர்களின் முகங்களை எந்த நம்பரில் போட்டிருக்கிறாய்? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. இந்த ஆர்டர் போனால் டேங்கை யாருக்காக ஓட்டுவது? உன் பாக்டீரியா ஃபிரீசரில் நிம்மதியாகத் தூங்கும். கேப்டன் எங்கே போய்த் தூங்குவார்?

கவரைக் காட்டி என்னைப் பயமுறுத்துகிறாய். போடு. இறங்கிப் போய்ப் பெட்டியில் போடு, பார்க்கலாம். நாலு வரி எழுதத் தெரிந்த உனக்கு, அந்த அம்மா என் அறையில் உட்கார்ந்திருந்தபோது நாலு வார்த்தை பேச வாய் வரவில்லை. “நுரை எங்கே”ன்னு அவர் கேட்டபோது நீ என்ன செய்தாய்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். பரப்பு இழுவிசையை அளப்பாய். தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு, நடுவில் ஒரு சொட்டு வைத்து, எண்ணெய் எவ்வளவு தூரம் விலகி ஓடுகிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பாய். அதையெல்லாம் மணிக்கணக்கில் செய்வாய். இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூடியைப் போட்டு அந்தப் பாட்டிலைக் குலுக்கியிருக்கியா நீ?

விரல் வலிக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.


மார்ச் 20

அண்ணா,

பதிலே இல்லை. கோபமா, உடம்பு சரியில்லையா என்றும் தெரியவில்லை. அண்ணிக்குப் போன் செய்தேன். “உங்க அண்ணன் பாத்ரூம்ல இருக்காரு” என்றார். சாயங்காலம் செய்தேன், அப்போதும் பாத்ரூமில் என்றார். உன் வயிறு இவ்வளவு மோசமாகிவிட்டதா? என் கடிதத்தால் என்றால் சொல்.

இங்கே நடந்ததை எழுதிவிடுகிறேன். குலுக்கல் அம்மா முந்தாநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தாராம். மேஜை மேல் கலந்த பாட்டில்தான் இருந்தது. எடுத்தார், குலுக்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உடனே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். ரசாயன நுரைப்பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று இரண்டு வரி, கீழே கையெழுத்துப் போடும் இடம்.

பேனாவை எடுத்தேன். கட்டைவிரலை மடக்கிக்கொண்டுதான் பிடிக்க வந்தது. அவர் என் விரலையே பார்த்தார். “கையில என்ன?” என்றார். அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன் அண்ணா, சத்தியமாக அதைத்தான் சொல்ல இருந்தேன்.

“இதுல பேஸ்ட் கலந்திருக்கேன். அதோட வேலைதான் இது” என்று வந்துவிட்டது.

பாட்டிலைத் தள்ளி வைத்தார் அவர். பிறகு, “நான் வந்ததும் ஏன் சொல்லல?” என்று கேட்டார். “நீங்க கையப் பாக்காம இருந்திருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்” என்றேன். எதற்கு மறைக்க? அவர் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். “இருபத்தெட்டாம் தேதி கலக்காதத எடுத்துட்டு வாங்க. குலுக்கித்தான் பாப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரம்மை வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கலந்ததையும் கொட்டியாயிற்று. உன் கவருக்குப் பயந்து இல்லை. அதை நீ போட்டிருக்கவே மாட்டாய். என்னால் அந்தத் துடுப்பை மறுபடி தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கேள். பழைய ஸ்டாக்கில் கலக்காத பாட்டில்கள் கொஞ்சம் இருக்கின்றன. இருபத்தெட்டாம் தேதி அதைத்தான் அவர் மேஜையில் வைக்கப்போகிறேன். குலுக்கட்டும். நுரைக்காது. அப்போது உன் மூன்றாவது விஷயத்தை அப்படியே ஒப்பிக்கப்போகிறேன், மனப்பாடம் செய்துவிட்டேன். “எங்க பொருள் இயல்பிலேயே நுரைக்காதது. நுரைங்கறது அடைபட்ட காத்து. நாப்பது வருஷம் ஆய்வுக்கூடத்துல இருந்த எங்க அண்ணன் சொல்றாரு. வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா விடுங்க.” யார் முன்னாலும் தலை குனிய மாட்டேன். அவர் வாங்காமல் போனால் ஆலையைப் பூட்டுகிறேன், ஆனால் நிமிர்ந்து நின்று பூட்டுகிறேன்.

அண்ணன் சொன்னது என்று சொல்லும்போது மட்டும் குரல் நடுங்காமல் இருக்க வேண்டும். பழகிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி


மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

கூரியரில் அனுப்புகிறேன், நாளை உன் கைக்கு வந்துவிடும். நான் நாளை மறுநாள் வருவேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேரில் சொன்னால் முழுவதையும் சொல்லி முடிக்க நீ விடமாட்டாய். அதோடு, நீ பழகிக்கொண்டிருப்பதை உடனே நிறுத்தியாக வேண்டும். முதல் கடிதத்தின் வரிசைப்படியே போகிறேன். மூன்றாவதை மட்டும் கடைசிக்குத் தள்ளுகிறேன். கோழைத்தனம்தான், தெரிந்தே செய்கிறேன்.

ஒன்று. குப்பிகளை எடுத்தது நான்தான். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

இரண்டு. கலந்ததைக் கலந்தது என்று நீயே அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டாய். கையெழுத்துப் போட்டு மூட வேண்டிய விஷயத்தை, பேனா கையிலிருக்கும்போதே திறந்து காட்டியிருக்கிறாய். எனக்கு அது முடிந்திருக்காது. நான் கவரில் போட்டுத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்று: நான் போட்டிருக்கவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய், அதில் நீ ஏமாந்தாய். தபால் பெட்டிவரை போனேன், கவரைப் பாதி உள்ளே விட்டேன். உனக்கு மனம் மாற இன்னும் சில நாள் கொடுக்கலாம் என்று வெளியே இழுத்தேன். இருபத்தைந்தாம் தேதி போட்டிருப்பேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். உன் கடிதம் வந்த பிறகு அதைக் கிழித்தேன்.

நான்கு. நான் சொன்னது சரி. உன் விரல்களே சாட்சி. நீ நம்பி நிற்கிறவர்களை எந்த நம்பரில் போட்டேன் என்று கேட்டாய். போடவில்லை, போட்டிருக்க வேண்டும். ஆறாவதாகச் சேர்த்துக்கொள்.

ஐந்து. டிரம் போய்விட்டது, ஆகவே குப்பிகள் வருகின்றன. அதே டிபன் கேரியரில்.

இனி மூன்றாவது.

பாட்டிலைக் குலுக்கியிருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். இத்தனை நாள் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். குலுக்கியதில்லை. குலுக்குவது சந்தையில் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன்போல. ஆலையிலிருந்து வந்தபோது ஒரு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், எடுத்துக் குலுக்கினேன். நுரை இல்லை. நான் சொன்னது சரிதான் என்று மனசுக்குள் ஒரு திருப்தி. இதை உனக்கு முறையாக நிரூபித்துவிட வேண்டும், புதிதாக வளர்த்து, எல்லாக் கட்டத்திலும் குலுக்கிக் காட்டி வாயடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தண்ணீர் கேன் ஒன்றைக் கழுவினேன். உருளைக்கிழங்கு வேகவைத்த நீரைச் சமையலறைக் குக்கரில் கிருமி நீக்கினேன், இரும்புச் சத்துக்கு ஒரு துருப்பிடித்த ஆணியையும் அதில் போட்டு. மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று பம்ப் ஒன்று வாங்கினேன். ஒரு குப்பியை மட்டும் திறந்தேன். போர்வை போர்த்திய கேனைப் பாத்ரூமில் வைத்தேன். உன் அண்ணி சொன்னது உண்மை, நாள் முழுக்க அங்கேதான் இருந்தேன். இரண்டாம் நாள் காலை அவள் கதவைத் தட்டி, “உங்க பாக்டீரியா குளிச்சு முடிச்சாச்சான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள். திறந்து காட்டினேன். கேனின் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு தூண் எழுந்து, குழாயைத் தாண்டி, ஜன்னல்வரை போயிருந்தது. அடக்க என்னிடம் ஒன்றுமில்லை. நுரையடக்கி டப்பாவை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பழைய பயத்தில் துடைப்பத்தைக்கூடத் தேடினேன். உன் அண்ணிதான் வாளியை நீட்டினாள். “பொங்குறத எதுக்குப் பெருக்கணும், பிடிச்சு வைக்க வேண்டியதுதானே” என்றாள். துணி ஊறவைத்த வாளியை அவசரமாகக் காலி செய்திருந்தாள்.

வாளி வாளியாகப் பிடித்தோம். நுரை அடங்கியதும் கெட்டியான நீராக நின்றது. அமிலம் விட்டேன், வெள்ளைத் திப்பி திப்பியாக இறங்கியது. நம் பொருள்தான், ஆலையில் கிடைப்பதைவிடச் செறிவாக. கழுவினேன், சலவைச் சோடா நீரில் கரைத்தேன். பாக்டீரியாவும் இல்லை, அதன் புரதங்களும் இல்லை. பாட்டிலில் ஊற்றி, மூடியைத் திருகி, குலுக்கினேன்.

மேல்வரை நுரை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அப்படியே நின்றது. எண்ணெய்த் தட்டில் சோதித்தேன். ஆலைப் பாட்டிலும் இதுவும் எண்ணெயை ஒரே அளவுக்கு விரட்டின. சுத்தம் செய்வதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நுரையில் மட்டும்தான்.

வித்தியாசம் எங்கே நுழைந்தது என்று யோசித்தபோது என் வயிறு சத்தம் போட்டது. வாயுத் தொந்தரவுக்கு நான் குடிக்கிற மருந்து மேஜை மேல் இருந்தது. அதில் இருப்பதும் நம் நுரையடக்கியும் ஒரே பொருள். வயிற்றுக்குள் நுரை உடைக்க இது, டேங்குக்குள் உடைக்க அது. இதை எத்தனையோ பேருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு சொட்டைப் பாட்டிலில் விட்டுக் குலுக்கினேன். நுரை இருந்த இடம் தெரியவில்லை. ஆலைச் சரக்கு மாதிரியே ஆகிவிட்டது.

அமிலம் விடும்போது நுரையடக்கி மேலே மிதந்து பிரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியவில்லை. திப்பிகளோடு ஒட்டிக்கொண்டு இறங்கி, கடைசிப் பாட்டில்வரை கூடவே வந்திருக்கிறது. பஸ் டிரைவர் ஒருவர் திட்டியதற்குப் பயந்து நான் ஊற்றிய கரண்டிகள் அவை. இத்தனை வருடம் அந்தப் பொருள் நுரைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கழுத்தைப் பிடித்து அமுக்கியவன் நான். பேஸ்ட் டிரம் உன் ஆலைக்குள் வந்ததற்கும், உன் விரல் மறுபடி வெடித்ததற்கும் அதுவே காரணம்.

கேப்டனிடம் சொல், நுரையடக்கி டப்பாவைப் பூட்டிவைக்கட்டும். டேங்கின் மேல் மூடியிலிருந்து அகலமான ஒரு குழாயை இறக்கி, அடியில் காலி டிரம் ஒன்றை வைக்கட்டும். பொங்கட்டும். நான் துடைப்பத்தோடு வரமாட்டேன். மாதிரிக்கு வேண்டிய பாட்டில்களை நானே கொண்டுவருகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்ன என்று கேட்டால் இந்தத் தடவை சொல்லியும் விடுவேன். அந்த அம்மாளின் தாளில் தயாரிப்பு முறைக்குக் கீழே நானும் கையெழுத்துப் போடுகிறேன், பெரிய எழுத்தில். உன்னோடு அவர் அறைக்குள்ளும் வருகிறேன். கண்ணாடியை வீட்டிலேயே துடைத்துவிட்டு வருவேன்.

நீ எதையும் ஒப்பிக்க வேண்டாம். பாட்டிலை அவர் கையில் கொடு, குலுக்கட்டும்.

என் மூன்றாவது விஷயம் தவறு.

அண்ணன்